வெடிக்காத எரிமலையின் அடிவேர்: புலாவ் உபின்

எரிமலைத் தீவு என்றதும் நம் கண்முன் வருவது என்ன? கூம்பு வடிவ மலை, உச்சியில் புகை, சரிவில் வழியும் தீக்குழம்பு. அப்படி ஒன்றைப் பார்க்க இந்தோனீசியாவுக்கோ அந்தமானுக்கோ போக வேண்டும். ஆனால் எரிமலையின் அடிப்பகுதி எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்பினால், லிட்டில் இந்தியா ரயில் நிலையத்தில் டௌன்டவுன் பாதையில் ஏறி, தெம்பனிசில் இறங்கி, 29ஆம் எண் பேருந்தில் சாங்கி வில்லேஜ் சென்று, அங்கிருந்து ஒரு சிறு படகில் ஏறினால் போதும். பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் படகு கிளம்பிவிடும். கால் மணி நேரத்திற்குள் புலாவ் உபின் வந்துவிடும்.

உபினில் எரிமலை வாய் கிடையாது, புகையும் இல்லை. தீவின் மிக உயரமான புக்கிட் புவாக்கா குன்றே ஏறக்குறைய 75 மீட்டர்தான். பிறகு எப்படி இதற்கும் எரிமலைக்கும் உறவு? காலடியில் கிடக்கும் கல்லைப் படிக்கத் தெரிந்தால் விடை கிடைக்கும்.

பெயரிலேயே கல்

உபின் என்றால் மலாய் மொழியில் தரையில் பதிக்கும் ஓடு. பழைய மலாய்ப் பெயர் புலாவ் பத்து உபின், அதாவது கருங்கல் தீவு. சீனர்களும் இதைக் கல்மலை என்ற பொருள்படும் பெயரால் அழைத்தார்கள். ஆக இரு மொழி பேசியவர்களுக்கும் இத்தீவில் முதலில் கண்ணில் பட்டது கல்தான்.

இத்தீவைப் பற்றி ஒரு மலாய்க் கதையும் உண்டு. சிங்கப்பூரிலிருந்து தவளை, பன்றி, யானை ஆகிய மூன்றும் யார் முதலில் ஜோகூர் கரையை அடைவது என்று போட்டியிட்டன. தோற்றவை கல்லாக வேண்டும் என்பது நிபந்தனை. மூன்றுமே கரை சேரவில்லை. தவளை செக்குடு என்னும் சிறு தீவாயிற்று. பன்றியும் யானையும் புலாவ் உபினின் இரு பாதிகளாயின. அந்த இரு பாதிகளுக்கும் நடுவே ஓடுவது ஜெலுத்தோங் ஆறு என்பார்கள். செக் ஜாவா கரையில் நின்றால் செக்குடு தீவின் பாறைகள் இன்றும் தெரியும். கல் எப்படி அங்கே வந்தது என்ற கேள்வி மனிதருக்கு எப்போதும் இருந்திருக்கிறது. கதை அதற்கு ஒரு விடை சொன்னது. புவியியல் தரும் விடை வேறு. ஆனால் அதுவும் கதையைப் போலவே சுவையானது.

நிலத்துக்கு அடியில் ஓர் உலை

உபினின் கருங்கல் சுமார் 23 கோடி முதல் 25 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவானது. டைனோசர்கள் தோன்றத் தொடங்கிய டிரையாசிக் காலம் அது. அப்போது இப்பகுதிக்கு அருகே பழைய டெதிஸ் என்ற பெருங்கடல் இருந்தது. அந்தக் கடலின் அடித்தளத் தட்டு மெல்ல மெல்லப் பக்கத்து நிலத்தட்டின் கீழே அமிழ்ந்துகொண்டிருந்தது.

கடல்தட்டு கீழே போகும்போது நீரையும் சுமந்துகொண்டு போகிறது. ஆழத்தில் அழுத்தமும் வெப்பமும் கூடும்போது அந்த நீர் வெளியேறி, மேலே உள்ள சூடான பாறையில் கலக்கிறது. நீர் கலந்த பாறை, வழக்கத்தைவிடக் குறைந்த வெப்பநிலையிலேயே உருகத் தொடங்குகிறது. குல்ஃபி செய்பவர் அச்சுகளைச் சுற்றி ஐஸும் உப்பும் போடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? உப்பு கலந்தால் ஐஸ் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழேயே உருகும். ஐஸுக்கு உப்பு எப்படியோ, ஆழத்துப் பாறைக்கு நீர் அப்படி.

இப்படி உருகிய பாறைக்குழம்புக்கு மாக்மா என்று பெயர். சுற்றியுள்ள திடப் பாறையைவிட அடர்த்தி குறைவாக இருப்பதால் அது மேல்நோக்கி எழும்பும். ஒரு பகுதி நிலத்தைப் பிளந்து எரிமலையாக வெளியே கொட்டும். ஜோகூரின் பெங்கெராங் பகுதியில் எரிமலைச் சாம்பல் இறுகி உருவான பழம்பாறைகள் உள்ளன. இந்த வட்டாரத்தில் ஒரு காலத்தில் எரிமலைகள் சீறியதற்கு அவை சாட்சி. ஆனால் மாக்மாவின் பெரும்பகுதி வெளியே வருவதில்லை. நிலத்துக்கு அடியில், சில கிலோமீட்டர் ஆழத்திலேயே தங்கி, ஆறி, இறுகிவிடும். அப்படி இறுகியதே உபின் கருங்கல். புக்கிட் தீமா குன்றின் கருங்கல்லும் இதே குடும்பம்தான்.

எரிமலையை ஒரு மரமாக நினைத்துக்கொண்டால், நாம் படங்களில் பார்க்கும் கூம்பு அதன் கிளை. உபின் அதன் வேர்.

பெரிய படிகம், சிறிய படிகம்

உபின் படகுத்துறை அருகிலோ பழைய கல்குவாரி ஓரத்திலோ ஒரு கல்லை உற்றுப் பாருங்கள். உப்பும் மிளகும் கலந்ததுபோல் தெரியும். கண்ணாடித் துண்டுபோல் மங்கலாக மின்னுவது குவார்ட்ஸ். வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ தட்டையான முகத்துடன் இருப்பது ஃபெல்ஸ்பார். கறுத்துப் பளபளக்கும் மெல்லிய ஏடுகள் மைக்கா வகை. தமிழில் காக்காப்பொன் என்போம். கறுப்பாக, சிறு குச்சிபோல் இருப்பது ஹார்ன்பிளெண்ட்.

இவற்றை வெறுங்கண்ணால் பிரித்தறிய முடிகிறதே, அதுதான் முக்கியமான துப்பு. மாக்மா ஆறும்போது அணுக்கள் ஒழுங்காக அடுக்கிக்கொண்டு படிகமாகின்றன. நேரம் அதிகம் கிடைத்தால் படிகம் பெரிதாக வளரும். நிலத்தடியில், போர்வை போர்த்தியதுபோல் சுற்றிலும் சூடான பாறை இருப்பதால் மாக்மா மிக மெதுவாக, பல ஆயிரம் ஆண்டுகள், சில நேரம் இலட்சக்கணக்கான ஆண்டுகள் எடுத்துக்கொண்டு ஆறுகிறது. அதனால்தான் கருங்கல்லில் படிகங்கள் அரிசி அளவுக்குத் தெரிகின்றன.

அதே மாக்மா எரிமலை வழியே வெளியேறி வேகமாக ஆறினால் கண்ணுக்குத் தெரியாத நுண்படிகங்கள் கொண்ட ரையோலைட் பாறையாகும். இன்னும் வேகமாக ஆறினால் படிகமே உருவாகாமல் அப்சிடியன் என்ற எரிமலைக் கண்ணாடியாகிவிடும். வேதிப்பொருள்கள் ஏறக்குறைய ஒன்றே. வேறுபட்டது ஆறிய வேகம் மட்டுமே. ஆகவே ஒரு கல்லின் படிகத்தைப் பார்த்தே அது நிலத்தடியில் பிறந்ததா, வெளியே பிறந்ததா என்று சொல்லிவிடலாம்.

வயதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? கருங்கல்லுக்குள் சிர்க்கான் என்ற மிகச் சிறிய படிகங்கள் இருக்கும். அவை உருவாகும்போது சிறிதளவு யுரேனியத்தை உள்ளே ஏற்கும். ஈயத்தைக் கிட்டத்தட்ட ஏற்பதே இல்லை. யுரேனியம் 238 சிதைந்து சிதைந்து இறுதியில் ஈயமாக மாறும். பாதி யுரேனியம் ஈயமாக 447 கோடி ஆண்டுகள் ஆகும். படிகத்துக்குள் இன்று யுரேனியம் எவ்வளவு, ஈயம் எவ்வளவு என்று அளந்தால், கடிகாரம் எப்போது ஓடத் தொடங்கியது என்று கணக்கிடலாம்.

ஆழத்தில் இருந்தது மேலே வந்தது எப்படி?

சில கிலோமீட்டர் ஆழத்தில் பிறந்த கல் இன்று நம் காலடியில் இருக்கிறது. கல் தானாக மேலே ஏறி வந்துவிடவில்லை. அதன் மேலே இருந்த மலை மழையிலும் வெயிலிலும் சிதைந்து, ஆறுகளால் அடித்துச் செல்லப்பட்டது. மேல்பாரம் குறையக் குறைய நிலம் மெல்ல உயர்ந்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மேலே 5 கிலோமீட்டர் தடிமனுக்குப் பாறை இருந்தது என்று வைத்துக்கொள்வோம். அது 23 கோடி ஆண்டுகளில் தேய்ந்தது என்றால் ஆண்டுக்குச் சராசரியாக 0.02 மில்லிமீட்டர். உங்கள் கைவிரல் நகம் ஒரு மாதத்தில் சுமார் 3 மில்லிமீட்டர் வளர்கிறது. அந்த வேகத்துடன் இதை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு மனித ஆயுளில் கண்ணுக்கே தெரியாத மாற்றம், காலம் போதுமான அளவு கிடைத்தால் ஒரு மலையையே கரைத்துவிடும்.

பாரம் நீங்கியபோது கருங்கல் சற்றே விரிந்தது. விரிந்ததால் விரிசல்கள் விழுந்தன. அந்த விரிசல்களில் மழைநீர் இறங்கியது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு மிகலேசான அமிலமாக மாறுகிறது. அது ஃபெல்ஸ்பாரைக் களிமண்ணாக்குகிறது. கறுப்புக் கனிமங்களில் உள்ள இரும்பு துருப்பிடிப்பதால் மண் சிவக்கிறது. குவார்ட்ஸ் மட்டும் எளிதில் அசைந்து கொடுக்காது. அது மணலாக எஞ்சுகிறது. உபினின் செம்மண் பாதை, கடற்கரை மணல், சதுப்புநிலக் களிச்சேறு மூன்றுக்கும் மூலம் பெரும்பாலும் இந்தக் கல்லே.

கடலோரத்தில் சில பாறைகளில் மேலிருந்து கீழாக ஆழமான வரிப்பள்ளங்கள் இருக்கின்றன. இத்தகைய பள்ளங்கள் வழக்கமாகச் சுண்ணாம்புப் பாறையில்தான் உண்டாகும். கருங்கல்லில் இருப்பது அரிது. இவை 19ஆம் நூற்றாண்டிலேயே கவனத்தை ஈர்த்தன. அரசாங்க நில அளவையாளர் ஜான் டர்ன்புல் தாம்சன் 1850ல் இவற்றை நீர்வண்ண ஓவியமாகத் தீட்டினார்.

ஒரு நகரத்தைச் சுமந்த கல்

தாம்சனுக்கு உபின் கல்லில் வேறு அக்கறையும் இருந்தது. தென்சீனக் கடலின் வாயிலில் உள்ள பெட்ரா பிராங்கா பாறையில் ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்தைக் கட்டியவர் அவர்தான். 1850ல் தொடங்கிய வேலை 1851ல் முடிந்தது. அலைகள் ஓயாமல் மோதும் இடத்தில் நிற்க வேண்டிய கட்டடத்துக்கு அவர் தேர்ந்தெடுத்தது உபின் கருங்கல். ஏன்? கருங்கல்லில் படிகங்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வளர்ந்திருப்பதால் இடைவெளி மிகக் குறைவு. நீர் உள்ளே புகாது, எளிதில் தேயாது. நம் வீட்டு அம்மியும் ஆட்டுக்கல்லும் தலைமுறை தாண்டி உழைப்பதற்கும், கோயில் மூலவர் சிலைகளைக் கருங்கல்லில் வடிப்பதற்கும் இதே உறுதிதான் காரணம். சிலைக்கல் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வருவது. வயதில் உபின் கல்லைவிடப் பல மடங்கு மூத்தது.

1924ல் திறக்கப்பட்ட ஜோகூர் கடற்பாலத்துக்கும் உபினிலிருந்தும் புக்கிட் தீமாவிலிருந்தும் கல் போயிற்று. உங்கள் அண்டை அயலார் எத்தனை பேர் அந்தப் பாலத்தைக் கடந்திருப்பார்கள்! அவர்கள் எல்லாரும் ஒரு வகையில் உபினின் மேல் நடந்தவர்கள்.

கல்லுடைத்தல், ரப்பர் தோட்டம், மீன்பிடிப்பு ஆகியவற்றை நம்பி ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கானோர் இத்தீவில் வாழ்ந்தார்கள். 1952ல் தொடங்கப்பட்ட பின் கியாங் சீனப் பள்ளி, பிள்ளைகள் குறைந்ததால் 1985ல் மூடப்பட்டது. கடைசிக் கல்குவாரி 1999ல் நின்றது. இன்று தீவில் வாழ்வோர் சில பத்துப் பேரே. பலகைச் சுவரும் தகரக் கூரையும் கொண்ட கம்பத்து வீடுகள், சீனக் கோயில், அதன் எதிரே நாடக மேடை, மளிகைக் கடை, மிதிவண்டிக் கடை எல்லாம் இன்னும் இருக்கின்றன.

இங்குள்ள வாழ்க்கை முறையிலும் பாறையின் கை இருக்கிறது. பெருநிலத்தின் குடிநீர்க் குழாய் இங்கே வராததால் மக்கள் கிணற்றை நம்பியிருந்தார்கள். முழுக் கருங்கல்லில் நீர் தங்காது. அதன் மேலே சிதைந்து கிடக்கும் மண்ணிலும் விரிசல்களிலும்தான் மழைநீர் சேரும். கிணறு எங்கே ஊறும் என்பதை அறிந்தவர்கள், பாடப்புத்தகம் இல்லாமலே இந்தத் தீவின் புவியியலைப் படித்தவர்கள்.

குவாரிகளின் பள்ளங்களில் மழைநீர் நிரம்பி இப்போது ஏரிகளாகிவிட்டன. பெக்கான் குவாரி ஏரியில் நாரைகள் கூடு கட்டுகின்றன. செங்குத்தான சுவரும் அதிக ஆழமும் உள்ளதால் இவற்றில் இறங்கவே கூடாது.

செக் ஜாவா: ஆதாரம் பேசிய கதை

படகுத்துறையிலிருந்து மிதிவண்டியில் மூன்று கிலோமீட்டருக்கு மேல் போனால் தீவின் கிழக்கு முனையில் செக் ஜாவா வரும். சுமார் 100 ஹெக்டேர் பரப்பில் கரையோரக் காடு, சதுப்புநிலக் காடு, மணற்கரை, பாறைக்கரை, கடற்புல் வெளி, பவளச் சிதறல் என ஆறு வகை வாழிடங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. நீர் வடியும் நேரத்தில் நட்சத்திர மீன், கடல் அட்டை, கடல் சாமந்தி, கடற்பஞ்சு எல்லாம் வெளிப்படும்.

இந்த இடம் ஏறத்தாழ இல்லாமலே போயிருக்கும். கடலைத் தூர்த்து நிலமாக்கும் திட்டத்தில் செக் ஜாவாவும் இருந்தது. 2001ன் இறுதியில் வேலை தொடங்கவிருந்தது. அதற்குச் சற்று முன்னர்தான், இங்கே எவ்வளவு உயிர்கள் இருக்கின்றன என்பதை இயற்கை ஆர்வலர்கள் கவனித்தார்கள். அவர்கள் வெறும் வேண்டுகோளோடு நிற்கவில்லை. ஆய்வாளர்களும் தொண்டூழியர்களும் கரையில் கயிறு கட்டி, கட்டம் கட்டமாக எந்த உயிரினம் எங்கே இருக்கிறது என்று எண்ணிப் பதிவு செய்தார்கள். அறிக்கைகளை அரசாங்கத்திடம் கொடுத்தார்கள். பொதுமக்கள் கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தார்கள். நிலத்தேவை மிகுந்த சிறிய நாட்டில் இது எளிதான முடிவன்று. 2002 ஜனவரியில், வளர்ச்சிப் பணிக்குத் தீவு தேவைப்படாத வரை தூர்க்கும் வேலை தள்ளிவைக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. 2007ல் கடல்மேல் நடைபாதையும் சதுப்புநிலக் காட்டின் மேல் 20 மீட்டர் உயரப் பார்வைக் கோபுரமும் திறக்கப்பட்டன.

அந்த அறிவிப்பின் சொல்லைக் கவனியுங்கள்: தள்ளிவைப்பு. ரத்து அன்று. ஆகவே எண்ணுவதும் பதிவதும் இன்னும் முடிந்துபோன வேலையல்ல.

அதே 2007ன் தொடக்கத்தில் வேறோர் ஆபத்து வந்தது. ஜோகூரில் பெய்த பெருமழையால் ஆற்றுவெள்ளம் நீரிணையில் கலந்து, கடல்நீரின் உப்புத்தன்மை வெகுவாகக் குறைந்தது. நட்சத்திர மீனும் கடல் அட்டையும் தங்கள் உடல் நீரின் உப்பளவைத் தாங்களே சீர்செய்ய இயலாதவை. வெளிநீர் நீர்த்துப்போனதும் சவ்வூடுபரவலால் நீர் உடலுக்குள் புகுந்து செல்கள் பாதிக்கப்பட்டன. ஏராளமானவை மடிந்தன. அதற்குமுன் எடுத்த கணக்கெடுப்பு இருந்ததால்தான், எவை இழக்கப்பட்டன, பின்னர் எவை மெல்லத் திரும்பின என்று ஒப்பிட முடிந்தது.

நல்ல செய்தியும் உண்டு. 19ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு சிங்கப்பூரில் காணாமல் போயிருந்த கறுப்பு வெள்ளை இருவாச்சிப் பறவை, 1994ல் உபினில் மீண்டும் காணப்பட்டது. பெரிய மரப்பொந்துகள் குறைவு என்பதால் செயற்கைக் கூடுகள் வைத்து உதவினார்கள். இன்று நகரத்துப் பூங்காக்களிலும் அதைப் பார்க்க முடிகிறது.

செய்து பார்ப்போம்: ஆறும் வேகமும் படிக அளவும்

தேவையானவை: மளிகைக் கடையில் கிடைக்கும் படிகாரம் 30 கிராம், வெந்நீர் 100 மில்லிலிட்டர், இரண்டு கண்ணாடிக் குவளைகள், ஐஸ், தடித்த துண்டு.

1. பெரியவர் ஒருவரின் உதவியோடு படிகாரத்தைப் பொடித்து வெந்நீரில் முழுவதும் கரையுங்கள்.
2. கரைசலை இரு குவளைகளிலும் சமமாக ஊற்றுங்கள்.
3. ஒன்றை ஐஸ் நீரில் வையுங்கள். மற்றொன்றைத் துண்டால் நன்றாகச் சுற்றி, அசைக்காமல் ஓரிரவு விட்டுவிடுங்கள்.
4. இரண்டிலும் அடியில் சேர்ந்த படிகங்களை உருப்பெருக்கிக் கண்ணாடியால் ஒப்பிடுங்கள். எதில் பெரியவை? எதில் எண்ணிக்கை அதிகம்?

இது கரைசலிலிருந்து வரும் படிகம். மாக்மாவோ உருகிய பாறை. ஆனாலும் மெதுவாக ஆறினால் படிகம் பெரிதாகும் என்ற விதி இரண்டுக்கும் பொருந்தும்.

நினைவில் கொள்வோம்

மாக்மா: நிலத்துக்கு அடியில் இருக்கும் பாறைக்குழம்பு.
லாவா: அதே குழம்பு நிலத்துக்கு மேலே வந்த பிறகு பெறும் பெயர்.
கருங்கல்: ஆழத்தில் மெதுவாக ஆறிய தீப்பாறை.
ரையோலைட்: அதே வகை மாக்மா வெளியே வேகமாக ஆறியது.
சிர்க்கான்: பாறையின் வயதைச் சொல்லும் சிறு படிகம்.

சிந்தித்து விடை காணுங்கள்

1. ஒரு பாறையில் பெரிய படிகங்களுக்கிடையே மிக நுண்ணிய படிகங்களும் கலந்திருந்தால், அந்த மாக்மா எப்படி ஆறியிருக்கும்?
2. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைவிட ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அப்போது உபின் தீவாக இருந்திருக்குமா?
3. அந்தமானின் பேரன் தீவு இந்தியாவில் இன்றும் இயங்கும் ஒரே எரிமலை. இந்தியத் தட்டு கிழக்கே அமிழ்வதால் அது உருவானது. 23 கோடி ஆண்டுகள் கழித்து அத்தீவின் அடிப்பகுதி எப்படி இருக்கும் என்று உபினை வைத்து ஊகித்து எழுதுங்கள்.
4. உங்கள் பள்ளிக்கு அருகே ஒரு திடலோ வாய்க்காலோ இருக்கிறதா? அங்குள்ள உயிரினங்களை ஒரு மீட்டர் சதுரக் கட்டத்துக்குள் எண்ணிப் பதிவு செய்யுங்கள். மூன்று மாதம் கழித்து மீண்டும் எண்ணுங்கள்.

உபினுக்குப் போகும்போது தண்ணீர், தொப்பி, கொசுவிரட்டி எடுத்துச் செல்லுங்கள். செக் ஜாவாவுக்கு நீர் வடியும் நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். கல்லையும் சிப்பியையும் கையில் எடுத்துப் பார்த்தால், இருந்த இடத்திலேயே திரும்ப வையுங்கள். அடுத்து வரும் மாணவரும் அதே கல்லைப் படிக்க வேண்டும் அல்லவா?